நான் படித்துக் காட்டிய கதை

படப்புத்தகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கதையை எப்படி அடையாளம் காண்பது, ஓவியரோடு எப்படிப் பேசுவது என்றெல்லாம் எழுதுவேன் என எதிர்பார்த்திருக்கலாம். அதையெல்லாம் உங்களுக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். காகிதமும் மையும் ஒரு வருடத்தில் பழகிவிடும்.

நான் சொல்ல நினைப்பது வேறு. ஒரு நாள் உங்களிடம் ஒருவர் வந்து, "என் கதை நல்லா இருக்கா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குள் அவருடைய வேலை, வீடு, குழந்தையின் பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கலாம். அது தெரியாமல் தவறான பதில் சொன்னால் மன்னிப்பு உண்டு. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே சொல்லாமல் இருந்தேன்.

எண்பதுகளின் கடைசியிலிருந்து நான் வேலை பார்த்த அச்சகம் அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம் இருந்தது. கீழே இயந்திரங்கள். காலண்டர், பள்ளி நோட்டு அட்டை, மருந்துப் பெட்டி என்று ஓயாமல் அச்சாகிக்கொண்டிருக்கும். மாடியில் ஒரு நீளமான அறை எங்களுக்கு. முதலாளிக்குக் குழந்தைகள் புத்தகம் என்றால் ஆசை. ஆனால் அந்த ஆசையைக் காலண்டர்தான் தாங்கிக்கொண்டிருந்தது. "காலண்டர் சம்பாதிச்சுக் குடுக்கறத எவ்ளோ நாளைக்கு சார் குரங்கும் கரடியும் தின்னும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பிரிவை மூடிவிடுவார் என்ற பயம் எனக்கு ஓய்வு பெறும் நாள்வரை போகவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் எழுத ஆசைப்படுகிறவர்களும் வரைய ஆசைப்படுகிறவர்களும் அந்த மாடிக்கு வருவார்கள். வேடிக்கையான படப்புத்தகங்கள் மட்டும்தான் எங்கள் வேலை. கொண்டுவந்ததைப் படிப்போம், வெட்டுவோம், திரும்ப எழுதச் சொல்வோம். ஒரு கதை ஓரளவு தேறிவிட்டால், தாள்களை மடித்து நடுவில் தைத்து, பென்சில் படமும் எழுத்துமாக ஒரு மாதிரிப் புத்தகம் செய்வோம். அதற்கு டம்மி என்று பெயர். பிறகு எஸ்டேட் ஓரத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்து பாயில் உட்காரவைத்து, டம்மியை வாசித்துக் காட்டுவோம். பிள்ளைகள் சிரித்தால் அச்சுக்குப் போகும். சிரிக்காவிட்டால் பரணுக்குப் போகும். முதலாளிக்கும் இந்த முறை பிடித்திருந்தது. பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பார்.

வாசிப்பது எப்போதும் நான்தான். கல்லூரியில் நாடகம் போட்டவன். போலீஸ்காரருக்கு ஒரு குரல், பூனைக்கு ஒரு குரல், கோபக்கார டாக்டருக்கு ஒரு குரல் என்று என்னிடம் ஒரு கடையே இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கண்ணை உருட்ட வேண்டும் என்று தெரியும். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். எழுதியவர் மூலையில் உட்கார்ந்து முகம் சிவந்து போவார். அந்த முகத்தைப் பார்ப்பது எனக்கு ஒரு போதை என்றுகூடச் சொல்லலாம்.

ராஜ் அந்த மாடிக்கு வந்தது அப்படியொரு சனிக்கிழமைதான். முழுப்பெயர் ஆரோக்கியராஜ். ஆவடியில் வீடு. எஸ்டேட்டில் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். முப்பதை ஒட்டிய வயது. மனைவி பெயர் ஸ்டெல்லா. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். மகளுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்ன கதைகளை ஷிப்ட் முடிந்து வந்து எழுதிவைப்பார். எழுதியதை என்னிடம் நீட்டும்போது கையைத் துடைத்துக்கொண்டே நீட்டுவார். கையில் எண்ணெய் எதுவும் இருக்காது. பழக்கம்.

அவருடைய கதைகளில் தண்ணி லாரிக் கதைதான் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. தெருமுனையில் தண்ணி லாரி வந்து நிற்கிறது. ஜனங்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் ஓர் எருமையும் நிற்கிறது. யார் முன்னால் வந்தது என்று சண்டை போடும் அவசரத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எருமையின் முறை வருகிறது. லாரிக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, "கொடம் எங்க?" என்று கேட்கிறார். அங்கிருந்து லாரிக்காரருக்கும் எருமைக்கும் வாக்குவாதம். எருமை பதில் பேசாது. லாரிக்காரர் மட்டும் பேசிக்கொண்டே போவார். கடைசியில் எருமை குழாயில் வாயை வைத்துவிடும்.

படம் வரைந்தது ஜுபைதா. பூந்தமல்லிக்காரர். அப்பாவுக்குக் கண்ணாடி, படம் பிரேம் போடும் கடை. ஜுபைதா ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும். ஒரு முறை நான் அவருடைய கழுதைப் படத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே என்றேன். "கழுதை எதுக்கு சார் சிரிக்கணும்? பாக்கறவங்க சிரிச்சா போதாதா?" என்றார். அந்தப் பதிலை நான் பல வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அதைக் காதில் வாங்கினேனா என்பது வேறு.

தண்ணி லாரியின் டம்மி தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில் ராஜின் கம்பெனியில் ஒரு அறிவிப்பு வந்தது. கம்பெனி ஓசூருக்கு மாறுகிறது. கூட வருகிறவர்களுக்கு வேலை உண்டு. வராதவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம். எந்தப் பக்கம் என்று ஒரு திங்கட்கிழமை காலைக்குள் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமைதான் டம்மியை வாசிப்பதாக நாங்கள் குறித்திருந்தோம்.

ராஜுக்கு ஓசூர் போக மனமில்லை. ஓசூர் போனால் சனிக்கிழமை கூட்டம் கிடையாது, எழுத்து அதோடு சரி என்று நினைத்தார். அப்படி நினைக்க வைத்தவன் நான். எழுதுகிறவன் நாலு பேரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும், தள்ளிப் போனால் கை மறந்துவிடும் என்று அந்த மாடியில் அடிக்கடி சொல்வேன். முதலாளி வேறு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். தண்ணி லாரி பள்ளிக்கூடங்களில் பிடித்துப்போனால் அதே மாதிரி வரிசையாகப் புத்தகம் போடலாம், ராஜை மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று. பிடித்துப்போனால் என்றுதான் அவர் சொன்னார். நான் அந்தச் சொல்லை ராஜிடம் அழுத்திச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அறை நிரம்பியிருந்தது. நான் டம்மியைக் கையில் எடுத்தேன். லாரிக்காரருக்கு என் வாழ்நாளிலேயே சிறந்த குரலைக் கொடுத்தேன். வெற்றிலை போட்ட வாய், தூக்கக் கலக்கம், யாரையும் மதிக்காத அலட்சியம். "இன்னாமே, வந்துகினே கீற, கொடத்த எடுத்துகினு வர வாணாமா?" என்று எருமையைப் பார்த்துக் கேட்டதும் ஒரு பிள்ளை பாயில் குப்புற விழுந்து சிரித்தது. அதைப் பார்த்து மற்றதுகள் விழுந்தன. சத்தம் கேட்டு முதலாளி மேலே வந்து கதவோரம் நின்று அவரும் சிரித்தார். முடிந்ததும் பிள்ளைகள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். நான் இன்னொரு தடவை படித்தேன்.

எல்லோரும் கலைந்த பிறகு ராஜ் என் அருகில் வந்தார். "சார், நாளன்னிக்கு காலைல சொல்லணும் சார். ஓசூரா இங்கியான்னு. நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்."

முதலாளி அந்தப் பக்கம் நின்றிருந்தார். பிள்ளைகளின் சிரிப்பு என் காதில் இன்னும் இருந்தது. "ஓசூருக்கெல்லாம் எதுக்கு ராஜ்? இங்கயே இருங்க. உங்க இடம் இதுதான்" என்றேன். முதலாளி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ராஜ் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, டீ குடிக்கக் கீழே போனார்.

ஜுபைதா மட்டும் பாயில் உட்கார்ந்து டம்மியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரையும் பாராட்ட வேண்டுமே என்று போனேன். நிமிராமலே பேசினார்.

"சார், நீங்க படிக்கும்போது ஒரு பிள்ளையும் படத்தப் பாக்கல. எல்லாம் உங்க வாயையே பாத்துட்டு இருந்துச்சுங்க."

"சிரிச்சாங்கல்ல ஜுபைதா?"

"சிரிச்சாங்க. புக்க நீங்க தலைகீழா புடிச்சிருந்தாலும் சிரிச்சிருப்பாங்க." டம்மியை மூடி என்னிடம் கொடுத்தார். "வேற யாராவது ஒரு தடவ படிக்கட்டும் சார். பேப்பர் படிக்கிற மாதிரி, சும்மா."

ஓவியர்களுக்குத் தங்கள் படத்தை யாரும் பார்க்கவில்லை என்ற குறை எப்போதும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் டம்மியைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். வழக்கமாக அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். அதை எடுத்துப் போனதிலிருந்தே என் மனதில் என்ன ஓடியது என்று உங்களுக்குத் தெரியும்.

ஞாயிறு மதியம், அம்பத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் டம்மியைக் கொடுத்தேன். டெலிபோன் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள் என்றேன். அவருடைய இரண்டு பிள்ளைகளோடு காம்பவுண்டில் விளையாடிக்கொண்டிருந்த இன்னும் சிலரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் கொடியில் துணி எடுப்பவனைப் போல ஒதுங்கி நின்றேன்.

முதல் பக்கங்களில் ஒரு பையன், "எருமை! எருமை நிக்குது பாரு!" என்று படத்தின் மேல் விரலை வைத்தான். எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு லாரிக்காரர் பேச ஆரம்பித்தார். அந்த அம்மா ஒவ்வொரு வரியையும் ஒழுங்காக, மின் கட்டண அறிவிப்பைப் படிப்பதுபோலப் படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் குழந்தை தன் செருப்பின் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றியது. ஒருவன் எழுந்து பந்தைத் தேடப் போனான். கடைசிப் பக்கத்தில் எருமை குழாயில் வாயை வைத்தபோது, செருப்புக் குழந்தை கேட்டது: "அது எல்லாத் தண்ணியும் குடிச்சிட்டா, அப்புறம் இவங்க வீட்டுக்கு?"

அந்த வருடம் எங்கள் தெருவிலும் லாரித் தண்ணீர்தான். அந்தக் குழந்தைக்கு அது வேடிக்கையாகவே படவில்லை.

அந்த அம்மா டம்மியைத் திருப்பிக் கொடுத்து, "நல்லா இருக்கு சார்" என்றார். நான் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

இனி நடந்ததை நான் எத்தனையோ விதமாக எனக்குள் நியாயப்படுத்தியிருக்கிறேன். இங்கே நியாயம் எதுவும் இல்லாமல் எழுதுகிறேன். அன்று மதியமே எனக்குத் தெரிந்துவிட்டது, புத்தகம் நிற்காது என்று. ராஜ் மறுநாள் காலை கம்பெனியில் தன் முடிவைச் சொல்லப்போகிறார் என்பதும் தெரியும். நடுவில் ஒரு மாலைப்பொழுது இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போய் ஆவடிக்கு ரயில் ஏறினேன். சொல்லிவிடத்தான் போனேன். திருமுல்லைவாயில் தாண்டும்போது, என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ராஜின் வீடு ஆள்களால் நிறைந்திருந்தது. கோவிலில் பூசை முடிந்து வந்த ஸ்டெல்லாவின் சொந்தக்காரர்கள். நான் வாசலில் தெரிந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ராஜ் என்னை ஒவ்வொருவருக்கும் காட்டி, இவர்தான் சார், இவர்தான் சார் என்றார். ஸ்டெல்லாவின் தம்பி, மண்ணூர்பேட்டை ஒர்க்‌ஷாப் ஒன்றில் வெல்டர், நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டுக் கேட்டான்: "இன்னா சார், எங்க மாமா எருமைய வச்சிப் பொழைச்சிக்குவாரா? பால்காரன்கூட கறக்கற எருமையாதான் சார் பாத்து வாங்குவான்."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜும் சிரித்தார். "டேய், நீ கத கேட்டதில்ல. இரு" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்து, தண்ணி லாரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கையில் புத்தகம் கிடையாது. லாரிக்காரர் பேசும் இடம் வந்தது. அதே வெற்றிலை வாய். அதே தூக்கக் கலக்கம். "இன்னாமே, வந்துகினே கீற..." என்று அவர் இழுத்தபோது அது என்னுடைய குரல். எங்கே மூச்சை நிறுத்தினேனோ அங்கே நிறுத்தினார். எங்கே கண்ணை உருட்டினேனோ அங்கே உருட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். வெல்டர் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

ஸ்டெல்லா காபி கொண்டுவந்து கொடுத்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

"எனக்கு ஓசூர் போலாம்னுதான் சார் இருந்துச்சு. பாப்பா ஸ்கூல மாத்தணும், அவ்ளோதான். இவரு நேத்து வந்து நீங்க சொன்னத சொன்னாரு. நீங்க படிச்சவரு, இந்த வேலையிலயே கீறவரு. நீங்க சொன்னா அதுல ஒண்ணு இருக்கும்னு சரின்னுட்டேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி: ஓசூருக்கே போகட்டும் அம்மா, நான் அவசரப்பட்டுவிட்டேன். என் வாயில் காபி இருந்தது. விழுங்கினேன். "நல்லா எழுதறாரும்மா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை? அத்தனை பேருக்கு முன்னால் அவரைக் கூனிக்குறுக வைக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்பது ஒரு பதில். பக்கத்து வீட்டு அம்மா சரியாகப் படிக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையில்லை. சொன்னால், அத்தனை சனிக்கிழமைகளில் பிள்ளைகள் சிரித்தது யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த மாடியில் நான் அச்சுக்கு அனுப்பிய எல்லாப் புத்தகத்தின் மேலும் அது வந்து விழும். முதலாளி காதுக்கும் போகும். நான் காப்பாற்றியது என்னைத்தான்.

ராஜ் ஸ்டேஷன்வரை வந்து வழியனுப்பினார். எதற்காக வந்தீர்கள் என்று அவர் கேட்கவேயில்லை. சும்மா பார்க்க வந்ததாகவே நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் ஓசூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பெனி கிளம்பியது. புத்தகம் அச்சாகும்வரை அவர் தினமும் அச்சகத்துக்கு வந்து கீழே நின்று வேடிக்கை பார்த்தார். நான் அந்த வாரங்களில் மாடியிலிருந்து இறங்குவதற்கு முன் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். அச்சுக்குப் போவதற்கு முன் எழுத்தைத் திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஜுபைதாவும் கேட்டார். லாரிக்காரர் பேச்சைப் பாதியாகக் குறைக்கலாம், என் படமே சொல்கிறதே என்றார். குறைத்தால் ஏன் குறைக்கிறோம் என்று ராஜ் கேட்பார். அதனால் குறைக்கவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு புத்தகத்தையே பலி கொடுப்பது இவ்வளவு சுலபம்.

பள்ளிகளுக்குப் புத்தகம் காட்டும் வழக்கப்படி, பூந்தமல்லியில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஒரு டீச்சர் வகுப்பில் வாசித்தார். முதலாளி, ராஜ், ஜுபைதா, நான் நான்கு பேரும் பின்னால் சிறிய பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். டீச்சர் நல்லவர். பிழையில்லாமல் படித்தார். முதல் மூன்று பக்கத்துக்குப் பிள்ளைகள் எருமையைக் கண்டுபிடித்துக் கத்தினார்கள். ராஜ் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு வகுப்பு அமைதியாகிவிட்டது. எந்த டீச்சரும் பெருமைப்படும்படியான அமைதி. ராஜ் இரண்டு முறை என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன். லாரிக்காரர் பேசப் பேச ராஜின் உதடு அசைவது தெரிந்தது. டீச்சர் எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படி அவர் வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் முதலாளி யாரையும் திட்டவில்லை. பள்ளிக்கூட நிர்வாகிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறும்போது என்னிடம் மட்டும், "இதோட நிறுத்திக்கலாம் சார்" என்றார். வரிசைப் புத்தகமும் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. ராஜுக்கு அது உடனே புரியவில்லை. அந்த டீச்சர் சரியில்லை, இன்னொரு பள்ளியில் நீங்களே போய்ப் படித்தால் போதும் சார் என்று பஸ் ஸ்டாப்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஜுபைதா என்னையே பார்த்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை.

உங்களுக்குத் தொழில் சம்பந்தமாக நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டம்மியை நீங்கள் படிக்காதீர்கள். எழுதியவரும் படிக்க வேண்டாம். குரல் வளம் உள்ள யாரிடமும் அதைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்து களைத்து வந்து, பிள்ளை கேட்கிறதே என்று படிக்கும் ஓர் அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுங்கள். புத்தகம் போகப்போவது அந்தக் கைக்குத்தான். பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்று கவனிப்பதைவிட, சிரிக்கும்போது கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். நான் இதைக் கற்ற பிறகு அந்த அறையில் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. புத்தகங்கள் நன்றாக வந்தன. அந்த முறைக்கு என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்கள். அது எப்படி வந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை.

இன்னொன்று. வேலையை விடலாமா என்று உங்களிடம் ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்லும் தகுதி உங்களுக்கு இல்லை. கதையைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். வேலையைப் பற்றி அவரும் அவர் வீட்டாரும் முடிவு செய்துகொள்வார்கள். நீங்கள் கதையைப் பற்றிப் பொய் சொன்னால் அவர்கள் முடிவும் பொய்யாகிவிடும்.

பூந்தமல்லிப் பள்ளிக்குப் போய்வந்து சில நாட்கள் ஆகியிருக்கும். நான் திரும்ப ஆவடிக்குப் போனேன். வீட்டில் ஸ்டெல்லா மட்டும் இருந்தார். ராஜ் பட்டறை பட்டறையாக வேலை கேட்டு அலைந்துகொண்டிருந்தார். நான் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டில் நடந்தது, அதைச் சொல்லத்தான் அன்று வந்தது, சொல்லாமல் போனது. ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தார்.

"அவரு வரட்டும் சார். அவருகிட்டயே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். மகள் பள்ளிவிட்டு வந்து, என்னைப் பார்த்து, எருமை மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடியது.

ராஜ் வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "சார்! முதலாளி ஒத்துகினாரா?"

அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலைக் காலத்திலேயே கடினமான வேலை. சொன்னேன். ஸ்டெல்லாவிடம் சொன்னதை அப்படியே, ஒன்றையும் குறைக்காமல். அவர் செருப்பைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவர் கேட்டது வேறு.

"அப்ப கதை நல்லாவே இல்லியா சார்?"

"முதல் மூணு பக்கம் ரொம்ப நல்லா இருக்கு ராஜ். அதுல எருமைங்கிற வார்த்தையையே நீங்க எழுதல. எல்லாரும் ஒழுங்கா வரிசையில நின்னாங்கன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. சண்டையும் எருமையும் படத்துலதான். பிள்ளைங்களே கண்டுபிடிக்குது. அதுக்கப்புறம் லாரிக்காரரப் பேச விட்டுட்டீங்க. அந்தப் பேச்செல்லாம் என் குரல்தான். எடுத்துட்டா ஒண்ணும் இல்ல. கடைசியில ஜனங்களுக்கும் தண்ணி கிடைக்கணும். இல்லாட்டி பிள்ளைங்க பயப்படுது."

ராஜ் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு கவனம் வந்தது. மூன்றாம் பக்கம், நான்காம் பக்கம் என்று விரலால் காற்றில் புரட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. ஸ்டெல்லாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்ளோதானா சார்?" என்றார் ராஜ், மெல்ல. "இத நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா, ஓசூர்லயே உக்காந்து மீதியயும் எழுதியிருப்பேனே சார்."